கதவு மூடினால் காற்று தீர்ந்துவிடுமா?

'தீம் பார்க்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ராட்சத ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, தலைகீழாகச் சுற்றும் ரயில்... சரிதானே? உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அதிக உயரமும் இல்லாத, தலைகீழாகவும் கவிழ்க்காத ஒரு சவாரிக்கு வரிசையில் நின்றவர், கதவு வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறார் என்றால்? "ஏன் ஓடுகிறீர்கள்?" என்று கேட்டால், "உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்களே!" என்கிறார்.

இந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் போக்க வழியும் உண்டு. முதலில், இப்படிப் பயப்படுகிறவர்களை அதிகம் சோதிக்கும் ஒரு சவாரியைப் பார்த்துவிட்டு வருவோமா?

செவ்வாய்க்குப் போகும் பெட்டி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' இருக்கிறது. ஒரு பூங்கா அல்ல, பல பூங்காக்கள் சேர்ந்த இடம். அவற்றில் ஒன்று 'எப்காட்'. அங்கே 2003-ல் 'மிஷன்: ஸ்பேஸ்' என்ற சவாரியைத் திறந்தார்கள். விண்கலத்தில் ஏறிச் செவ்வாய் கிரகத்துக்குப் போவதுபோல ஒரு விளையாட்டு.

ஒரு பெட்டிக்குள் 4 பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் தளபதி, ஒருவர் விமானி, ஒருவர் வழிகாட்டி, ஒருவர் பொறியாளர். ஒவ்வொருவருக்கும் அழுத்துவதற்குப் பொத்தான்கள் உண்டு. தோள்மேல் பாதுகாப்புக் கம்பி இறங்கும். கதவு மூடும். அதோடு விடுவதில்லை! எதிரே இருக்கும் திரையும் பொத்தான் பலகையும் நம் முகத்தை நோக்கி நகர்ந்து வந்து நிற்கும். கையை முழுசாக நீட்டக்கூட முடியாது. உண்மையான விண்கலத்தில் அவ்வளவுதான் இடம் இருக்கும் என்று காட்டுவதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

சவாரி மொத்தமே 5 நிமிடம் போல. ஆனால் அதற்குள் போவதற்கு முன்பு, 'மூடிய இடம், இருட்டு, சுற்றுவது இவையெல்லாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதில் ஏற வேண்டாம்' என்று அறிவிப்புக்குமேல் அறிவிப்பாகச் சொல்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதும் சொல்வார்கள். ஏறுவதற்கு முன்பும் சொல்வார்கள்.

அவ்வளவு பெரிய பூங்கா, கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய சவாரி. 'ஏறாதே' என்று அவர்களே ஏன் சொல்ல வேண்டும்? மூடிய இடத்துப் பயம் என்பது வெறும் பிகு அல்ல, உடம்புக்குள் நிஜமாகவே நடக்கிற ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வகுப்பறைகளில்தான் இது இன்னும் பல பேருக்குத் தெரியவில்லை. 'பயந்தாங்கொள்ளி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

பெயர் வந்த கதை

'கிளாஸ்ட்ரோபோபியா' என்பதுதான் அந்தப் பெயர். 'கிளாஸ்ட்ரம்' என்றால் லத்தீன் மொழியில் மூடி அடைத்த இடம். 'போபோஸ்' என்றால் கிரேக்க மொழியில் பயம். 1879-ல் பாரிஸில் இருந்த பெஞ்சமின் பால் என்ற மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். லிஃப்ட், குகை ரயில், ஜன்னல் இல்லாத அறை, மருத்துவமனையில் குழாய் மாதிரி இருக்கும் ஸ்கேன் இயந்திரம், ஏன், தலை வழியாக மாட்டும் இறுக்கமான ஸ்வெட்டர்கூடச் சிலருக்கு இந்தப் பயத்தைக் கொடுக்கும்.

இது எப்படி வருகிறது? சின்ன வயதில் எங்காவது மாட்டிக்கொண்டு கதவு திறக்காமல் அழுதது காரணமாக இருக்கலாம். வீட்டில் அம்மாவோ அப்பாவோ லிஃப்டைப் பார்த்துப் பயப்படுவதைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளலாம். எந்தக் காரணமும் இல்லாமலும் வரலாம். (இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை: சேட்டை செய்கிறான் என்று பிள்ளையை இருட்டு அறையில் போட்டுப் பூட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சேட்டை ஒரு மணி நேரத்தில் போய்விடும். அந்தக் கதவுச் சத்தம் போகாது.)

பொய் மணி

உங்கள் பள்ளிக்கூடத்தில் யாரோ விளையாட்டுக்குத் தீயணைப்பு மணியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தீ இல்லை. ஆனால் மணி நிஜம். எல்லோரும் ஓடுவதும் நிஜம். மூடிய இடத்துப் பயமும் அப்படித்தான்.

நம் மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. 'அமிக்டலா' என்று பெயர். ஆபத்து என்று தோன்றினால் மணி அடிப்பது அதன் வேலை. அடித்தவுடன் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் 'அட்ரினலின்' என்ற பொருளை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் படபடவென்று அடிக்கும். உள்ளங்கை வியர்க்கும். மூச்சு வேகமாகும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. புலி வந்தால் இது உயிரைக் காப்பாற்றும். ஆனால் பெட்டிக்குள் புலி ஏது?

இனிமேல்தான் வேடிக்கை. ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே வேக வேகமாக மூச்சு வாங்கினால் என்ன ஆகும்? உடம்பில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். 'கெட்ட காற்றுதானே, போகட்டும்' என்று நினைக்காதீர்கள். அதுவும் ரத்தத்தில் ஓர் அளவு இருக்க வேண்டும். குறைந்தால் தலை சுற்றும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும். நெஞ்சை அடைப்பதுபோல, மூச்சே கிடைக்காததுபோல இருக்கும். உடனே நாம் என்ன நினைப்போம்? "ஐயோ, உள்ளே காற்று இல்லை!" இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம். தலை இன்னும் சுற்றும்.

புரிகிறதா? காற்று குறைந்ததால் அல்ல, தேவைக்கு மேல் மூச்சு வாங்கியதால்தான் 'காற்று இல்லை' என்று தோன்றுகிறது! மூடிய இடத்தில் பயப்படுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

ஒரு சின்னக் கணக்கு

8 பேர் ஏறும் சாதாரண லிஃப்ட் ஒன்றின் அகலம் 1.1 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர், உயரம் 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்குங்கள். சுமார் 3.39 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1000 லிட்டர். ஆக, கிட்டத்தட்ட 3390 லிட்டர் காற்று. சும்மா நிற்கும் ஒரு பெரியவர் ஒரு நிமிடத்துக்கு உள்ளிழுப்பது சுமார் 6 முதல் 8 லிட்டர்தான். இழுத்த காற்றில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்வதும் இல்லை. உள்ளே போகும்போது 21 சதவீதம், வெளியே வரும்போது சுமார் 16 சதவீதம்.

எல்லாவற்றுக்கும் மேலே, லிஃப்ட் காற்றுப் புகாத பெட்டியே அல்ல! அதில் காற்றுக்கு வழி வைத்திருப்பார்கள். கதவு இடுக்கிலும் காற்று வரும். கரண்ட் போய் நின்றாலும் அந்த வழிகள் மூடாது. 'மிஷன்: ஸ்பேஸ்' பெட்டியிலோ முகத்துக்கு நேராகக் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். நிஜமாகவே ஆபத்தான பெட்டிகளும் உண்டு. பழைய ஃபிரிட்ஜ், மூடி இறுகும் பெரிய டிரங்குப் பெட்டி, வெயிலில் நிற்கும் கார், அதன் டிக்கி. கண்ணாமூச்சி விளையாட இவற்றுக்குள் ஒருபோதும் ஒளியக் கூடாது. உள்ளேயிருந்து திறக்க முடியாது. கத்தினாலும் வெளியே கேட்காது. காருக்குள் வெயிலில் சூடு மளமளவென்று ஏறும். மனிதர்கள் ஏறுவதற்கென்றே கட்டிய பெட்டி வேறு, சாமான் வைக்கிற பெட்டி வேறு. முன்னதில் அடிப்பது பொய் மணி. பின்னதில் மணி அடித்தால் அது நிஜ மணி.

குகை ரயிலும் கைக்கடிகாரமும்

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிச் சுற்றுலாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். இருட்டுக் குகைக்குள் போய்வரும் சின்ன ரயில் ஒன்று அங்கே இருந்தது. பேய் பொம்மைகள், சிவப்பு விளக்கு, 'ஹா ஹா' சிரிப்பு. வகுப்பிலேயே உயரமான பையன், கபடியில் கெட்டிக்காரன், வரிசையிலிருந்து நழுவிப் போனான். மற்ற பையன்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

அவனை அழைத்துக்கொண்டு ரயில் வெளியே வரும் வாசலுக்கு எதிரே இருந்த திண்ணையில் போய் உட்கார்ந்தேன். நான்கு வயதில் நெல் போட்டு வைக்கும் அறையில் மாட்டிக்கொண்டானாம். யாரும் வரவில்லையாம். பொம்மைகளைப் பார்த்து அவனுக்குப் பயமே இல்லை. "உள்ளே போனா எப்ப வெளியே வரும்னு தெரியலையே சார்" என்றான்.

என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு ரயிலும் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஐந்து ரயில்கள் பார்த்தான். "சார், எல்லாமே மூணு நிமிஷம் நாப்பது செகண்டுதான் சார்!" அவன் குரலே மாறியிருந்தது. அன்றைக்கு அவன் ஏறவில்லை. ஏறு என்று நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அதே பூங்காவுக்குப் போனபோது, முதல் பெட்டியில், ஓரத்து சீட் கேட்டு வாங்கி ஏறினான். கையில் கடிகாரம் கட்டியிருந்தான்.

'எப்போது முடியும்' என்று தெரியாமல் இருப்பதுதான் பாதிப் பயம். சவாரிக்கு முன் ஊழியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம்? எவ்வளவு நேரம் இருட்டு? ஓரத்தில் உட்காரலாமா? கேட்பதற்கு வெட்கமே வேண்டாம். தினமும் நூறு பேர் கேட்பதுதான்.

மாயத்தின் பின்பக்கம்

சவாரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டாலும் பயம் சுருங்கும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கலிபோர்னியாவில் இருக்கும் டிஸ்னிலேண்டின் 'ஹான்டட் மேன்ஷன்'. 1969-ல் திறந்த பேய் மாளிகை. உள்ளே போனதும் எட்டுப் பக்கச் சுவர்கள் கொண்ட ஓர் அறையில் கூட்டமாக நிறுத்துவார்கள். கதவு மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம் கதவு இருந்தது என்றே தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர்கள் நீண்டுகொண்டே போகும். சுவரில் உள்ள ஓவியங்களும் நீளும். மூடிய இடம் பிடிக்காதவர்களுக்கு அடிவயிறு கலங்கும்.

உண்மை என்ன? அது ஒரு லிஃப்ட்! பூங்காவைச் சுற்றி ரயில் பாதை ஓடுகிறது. பேய் பொம்மைகள் இருக்கும் பெரிய கட்டடத்தைப் பாதைக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். கூட்டத்தை ரயில் பாதைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். அதனால் தரையோடு சேர்த்து மக்களைக் கீழே இறக்குகிறார்கள். நாம் இறங்குவது தெரியாமல் சுவர் நீள்வதாக நினைக்கிறோம். அடுத்து ஒரு பக்கச் சுவர் திறக்கும், நடந்து போகலாம். 1971-ல் ஃபுளோரிடாவில் இதே மாளிகையைக் கட்டியபோது கீழே இறங்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே தரை அப்படியே நிற்கிறது, கூரைதான் மேலே போகிறது. ஒரே மாயம், இரண்டு விதமான யந்திரம்!

அதே டிஸ்னிலேண்டில் 1959-ல் நீர்மூழ்கிக் கப்பல் சவாரி தொடங்கினார்கள். 1998-ல் நிறுத்திவிட்டு, 2007-ல் நீமோ மீன் கதையோடு மறுபடி திறந்தார்கள். குறுகலான படியில் இறங்கி, வட்ட ஜன்னல் வழியே தண்ணீருக்குள் பார்க்க வேண்டும். குமிழிகள் கொப்பளிக்கும். கப்பல் ஆழத்துக்குள் போய்க்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கப்பல் ஓர் அங்குலம்கூட மூழ்குவதில்லை! அதன் மேல்தளம் எப்போதும் தண்ணீருக்கு வெளியேதான் இருக்கிறது. ஜன்னல்கள் மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. குமிழிகளை வேண்டுமென்றே ஊதிவிடுகிறார்கள். இறங்க முடியாதவர்களுக்காக 2007-ல் கரையிலேயே ஓர் அறை கட்டி, கப்பலுக்குள்ளிருந்து தெரியும் காட்சியைத் திரையில் காட்ட ஏற்பாடு செய்தார்கள். படி இறங்க முடியாதவர்கள், குறுகிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்து அதே நீமோவைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் சுவாரஸ்யம் போய்விடாதா என்று சிலர் கேட்பீர்கள். போகாது. மந்திரக்காரர் எப்படிச் செய்கிறார் என்று தெரிந்த பிறகு அவரை இன்னும் உன்னிப்பாகத்தானே பார்க்கிறோம்!

'மிஷன்: ஸ்பேஸ்' ரகசியம் என்ன? ஒரு வாளியில் தண்ணீர் வைத்து வேகமாகச் சுற்றினால் தலைகீழாக வரும்போதும் தண்ணீர் கொட்டாது, பார்த்திருக்கிறீர்களா? அதேதான். ஒரு பெரிய அச்சைச் சுற்றி 10 பெட்டிகள். அச்சு சுழலும்போது பெட்டிகள் சுற்றுகின்றன. நம் முதுகு இருக்கையோடு அழுந்துகிறது. ராக்கெட் கிளம்பும்போது விண்வெளி வீரர்களுக்கு இப்படித்தான் இருக்கும். பெட்டிக்கு ஜன்னல் இல்லாததால் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு முக்கியமான விஷயம். குகை ரயில் போன்ற மெதுவான சவாரியில் பயம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடற்கரையை நினைத்துக்கொள்வது சிலருக்கு உதவும். ஆனால் சுற்றுகிற சவாரியில் அப்படிச் செய்யாதீர்கள். காதுக்குள் வளைந்த மூன்று குழாய்களும் அவற்றில் திரவமும் இருக்கின்றன. உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். சுற்றும்போது தலையை அப்படி இப்படித் திருப்பினால் அந்தத் திரவம் குழம்பிவிடும். வயிற்றைப் பிரட்டும். அதனால்தான் 'மிஷன்: ஸ்பேஸ்' சவாரியில், தலையை இருக்கையில் சாய்த்து, கண்ணைத் திறந்து, திரையை நேராகப் பாருங்கள் என்கிறார்கள். வாந்தி வந்தால் பிடிக்கப் பையும் வைத்திருக்கிறார்கள்! வாந்தி வருவது வேறு, மூடிய இடத்துப் பயம் வேறு. பல பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

2006-ல் இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள். சுற்றவே சுற்றாத ஒரு வகையையும் அதே சவாரியில் சேர்த்தார்கள். சுற்றுவதற்கு ஆரஞ்சு, சுற்றாததற்குப் பச்சை. 2017-ல் பச்சைக்குப் புதுப் படம் போட்டு, பூமியைச் சுற்றிப் பார்க்கிற பயணமாக மாற்றினார்கள். ஆனால் பெட்டி அதே பெட்டிதான். கதவு மூடும், திரை முகத்துக்கு அருகே வரும். ஆகவே வாந்திக்குப் பயப்படுகிறவருக்குப் பச்சை நல்ல மருந்து. மூடிய இடத்துக்குப் பயப்படுகிறவர் 'பச்சைதானே' என்று நம்பி ஏறிவிடக் கூடாது.

வீட்டிலேயே பழகலாம்

மருத்துவர்களும் மனநல ஆலோசகர்களும் இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் சிகிச்சையில் முக்கியமானது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. நீச்சல் கற்பதுபோலத்தான். முதல் நாளே கிணற்றில் குதிப்பதில்லையே!

ஒரு நோட்டில் பயத்துக்கு மார்க் போடுங்கள். 0 என்றால் பயமே இல்லை. 10 என்றால் தாங்கவே முடியாது. லிஃப்ட் படத்தைப் பார்ப்பதற்கு 2 மார்க் இருக்கலாம். கதவு திறந்த லிஃப்டுக்குள் அப்பாவோடு நிற்பதற்கு 4. ஒரு மாடி போவதற்கு 6. நான்கு மாடி போவதற்கு 8. கீழிருந்து மேலே, ஒவ்வொன்றாக. கூடப் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கதவைத் தாழ் போடக் கூடாது. 'விளையாட்டுக்குப் பூட்டிப் பார்க்கிறேன்' என்கிற அண்ணன்மார்களைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பயம் 6 மார்க்கில் இருக்கும்போது ஓடிவிட்டால், 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். அங்கேயே நின்று, மார்க் 3-க்கு இறங்கிய பிறகு வெளியே வந்தால், 'நின்றோம், ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதிக்கொள்ளும். பயம் ஏறிக்கொண்டே போகாது. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். ஒரே படியைப் பல நாள் செய்ய வேண்டியிருக்கலாம். பரவாயில்லை. வாய்ப்பாட்டை ஒரே நாளிலா மனப்பாடம் செய்தீர்கள்?

மூச்சையும் சேர்த்துப் பழகுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, வாய் வழியாக 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பாயசத்தை ஊதி ஆற்றுவதுபோல. இழுப்பதைவிட விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். இதைச் சும்மா இருக்கும்போது தினமும் செய்து பழகினால்தான் பயம் வரும்போது கை கொடுக்கும். அப்போது போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

பயத்தால் பள்ளிக்கூடக் கழிவறைக் கதவைச் சாத்த முடியவில்லை, பஸ்ஸில் ஏற முடியவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் நோட்டும் மார்க்கும் போதாது. அம்மா அப்பாவிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அவரே இந்தப் படிகளை இன்னும் சரியாகப் போட்டுத் தருவார்.

சவாரி நாளன்று

வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள். ஏறுவதற்கு முன் சவாரி வெளியே வருவதைச் சில தடவை நின்று பாருங்கள். சிரித்துக்கொண்டு இறங்கும் முகங்களை எண்ணுங்கள். பயத்தைக் கூட வருகிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். உள்ளே போனதும் பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்துங்கள். கம்பியைப் பிடித்து, அது சூடா, குளிர்ச்சியா, வழவழப்பா, சொரசொரப்பா என்று மனதுக்குள் சொல்லுங்கள். கணக்குப் பிடிக்கிறவர்கள் 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 93, 86, 79... மூளை கணக்கில் மாட்டிக்கொண்டால் மணியை விட்டுவிடும்.

கதவு மூடுவதற்கு முன், கம்பி இறங்குவதற்கு முன், எந்த நொடியிலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். கையை உயர்த்தினால் போதும். ஊழியர் இறக்கிவிடுவார். பெரிய பூங்காக்களில் இதற்கென்றே வரிசையின் முடிவில் வெளியேறும் வழி வைத்திருப்பார்கள்.

ஆனால் சவாரி கிளம்பிய பிறகு, எவ்வளவு பயம் வந்தாலும் சரி, பெல்ட்டைக் கழற்றவோ, கம்பிக்கு அடியில் நழுவவோ, எழுந்து நிற்கவோ கூடாது. கூடவே கூடாது! மூடிய பெட்டியால் ஆபத்து இல்லை. ஓடுகிற பெட்டியிலிருந்து இறங்க முயல்வதுதான் ஆபத்து.

நடுவழியில் நின்றுவிட்டால்? பல சவாரிகளின் பாதையை ரயில்வேக்காரர்கள் செய்வதுபோலப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னே போன வண்டி நகரவில்லை என்றால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். முன்வண்டியில் யாரோ ஒரு தாத்தா இறங்க நேரமானால்கூட நிற்கும். நின்றது என்றால் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். விளக்குப் போடுவார்கள், அறிவிப்புச் செய்வார்கள். பாயசம் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

பந்துக்குள் விண்வெளி வீரர்

நிஜ விண்வெளி வீரர்களுக்கு இந்தப் பயமே கிடையாது என்று நினைக்கிறீர்களா? இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்! விண்ணோடம் கெட்டுப்போனால் வீரர்களை இன்னொரு விண்ணோடத்துக்கு மாற்றுவதற்காக, 'நாசா' துணியால் ஒரு பந்து தயாரித்தது. விட்டம் வெறும் 86 செ.மீ. ஆள் அதற்குள் குழந்தை மாதிரி சுருண்டு உட்கார வேண்டும். ஒரு சின்ன ஜன்னல் மட்டும் உண்டு. கன அளவு 0.33 கன மீட்டர். நாம் கணக்குப் போட்ட லிஃப்டில் பத்தில் ஒரு பங்கு! 1970-களின் கடைசியில் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, வந்தவர்களை இந்தப் பந்துக்குள் உட்காரவைத்து ஜிப்பை மூடிப் பார்த்தார்கள். கடைசிவரை அந்தப் பந்து விண்வெளிக்குப் போகவே இல்லை.

2003-ல் 'மிஷன்: ஸ்பேஸ்' திறந்தபோது, வெளியேறும் பக்கம் ஒரு பயிற்சிக் கூடமும் கட்டினார்கள். செவ்வாயில் நடப்பதாக ஒரு விளையாட்டு, குழு குழுவாக ஆடும் போட்டி, சின்னப் பிள்ளைகள் தவழ்ந்து விளையாடக் குழாய் வழிகள். சவாரியில் ஏறியவர்கள் அந்த வழியாக வெளியே வந்தார்கள். ஏறாதவர்களும் அந்தப் பக்க வாசல் வழியாக உள்ளே நுழைந்து விளையாடலாம் என்று வைத்திருந்தார்கள். கதவைப் பார்த்துத் திரும்பி வந்த பிள்ளை அங்கே நேராகப் போய்ச் செவ்வாய் விளையாட்டை ஆடியிருக்கும்.